பக்கத்து வண்டிப் பம்பு

ஓர்லின் ஹோவ்லாண்டுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. கல்யாணமான நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் மனைவி ஆர்டிஸிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் கை கொடுப்பார். வீட்டு வேலை என்று வரும்போது அந்தக் கை சோர்ந்து போயிருக்கும். இது ஆர்டிஸின் கட்சி. ஷெயென் ஆற்றங்கரை முகாமில் வீட்டு வண்டியை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் அவள் இதையேதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வந்தது ஒரு பறவைக்காக. குருகு. தவிட்டு நிறம், கழுத்திலும் மார்பிலும் நீளநீளமான கோடுகள். சம்பங்கோரைக்குள் நின்று அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டால் அதுவும் ஒரு கோரைதான். காற்றில் கோரை ஆடினால் அதுவும் கூடவே ஆடும். பதினொரு வசந்தமாக ஆர்டிஸ் அதைத் தேடிக்கொண்டிருந்தாள். வடக்கு டகோட்டாவில் அவள் காலணி நனையாத சதுப்பு பாக்கியில்லை. அவளுடைய நீல நோட்டில் பறவைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன; குருகின் பெயருக்கு எதிரே மட்டும் தேதியும் இடமும் காலியாகக் கிடந்தன. குரலைக் கேட்டாலே போதும், எழுதிக்கொள்ளலாம் என்கிற பறவைப் பிரியர்கள் உண்டு. ஆர்டிஸ் அந்த ரகம் இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வாத்துக்கும் காக்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஓர்லின் அதை இரண்டு முறை பார்த்துவிட்டார். ஒரு முறை டிராக்டரில் உட்கார்ந்தபடி. இன்னொரு முறை சாலையோரம் அவசரமாக ஒதுங்கி நின்றபோது.

"குச்சி மாதிரி நின்னுக்கிட்டு என்னையே பாத்துச்சு. அந்தப் பக்கம் திரும்பிக்கோன்னேன். திரும்பல," என்று அவர் அதைச் சர்ச்சில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

இந்த வசந்தத்தை விட்டால் இன்னொன்று இல்லை. ஓர்லினின் முழங்கால்கள் முப்பதடி வண்டியை ஓட்டும் நிலையில் இல்லை என்று டாக்டரும் மகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். வண்டியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் சனிக்கிழமை வருகிறார். வியாழக்கிழமை நண்பகலுக்குள் முகாமைக் காலி செய்ய வேண்டும். ஆர்டிஸுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு விடியல்.

முன்பு கிடைத்த மூன்று விடியல்களும் எங்கே போயின என்று கேட்டால் அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டு மைல் தள்ளி வனவிலங்குச் சரணாலயம். பெரிய சதுப்பு, நடுவே பலகைப் பாதை. குருகு நிற்பதானால் அங்கேதான் நிற்கும். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். திங்கட்கிழமை, புறப்பட்டு முகாம் வாசல்வரை வந்தாயிற்று. ராத்திரியெல்லாம் வயோமிங்கிலிருந்து ஓட்டி வந்த ஓர் இளம் ஜோடி அங்கே டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வலது கையால் வா என்றாள், இடது கையால் நில் என்றாள். கணவன் இரண்டுக்கும் கீழ்ப்படிந்து ஒரு மரத்தை உரசினான். ஓர்லின் காரை நிறுத்தி இறங்கினார்.

"ரெண்டே நிமிஷம்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை சரணாலயத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். மழை பெய்த மண்பாதையில் ஆமைகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தன. ஓர்லின் ஒவ்வோர் ஆமைக்கும் காரை நிறுத்தி, இறங்கி, அது எந்தப் பக்கம் தலை வைத்திருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"அது பாட்டுக்குப் போகும், ஓர்லின். டைனோசர் காலத்துலேர்ந்து போயிட்டுத்தான் இருக்கு."

"அப்போ கார் இல்லையே."

புதன்கிழமைதான் உச்சம். பலகைப் பாதையின் முனையில் தொப்பி போட்ட ஒரு மனிதர் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கணும். இந்தா, இந்த இடத்துலதான் நின்னுச்சு," என்று கை நீட்டிக் காட்டினார். ஆர்டிஸ் அந்த இடத்தையே வெறித்துப் பார்த்தாள். ஓர்லினோ அவருக்கு எந்த ஊர், எந்தச் சர்ச், அம்மா வழியில் யார் என்று விசாரிக்கத் தொடங்கினார். இருவருக்கும் ஃபார்கோவில் ஒரே சித்தப்பா என்று தெரியவர இருபது நிமிஷம் பிடித்தது. அவர்கள் சிரித்த சிரிப்பில் சதுப்பில் இருந்த வாத்துகள்கூடப் பறந்துவிட்டன.

இவையெல்லாம் போதாதென்று பம்பு வேறு.

முகாமில் தண்ணீர்க் குழாய் வண்டிகள் வரை வராது. பொதுக் குழாயில் தொட்டியை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் வண்டிக்குள் இருக்கும் பம்புதான் தண்ணீரைத் தள்ளும். ஹோவ்லாண்டுகள் பதினான்காம் எண். பதினைந்தில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு கிழட்டு டிரெய்லர். அதில் பெர்னடீன் ஷாட்ஸ் என்ற எண்பது வயது அம்மாள் தனியாக இருந்தார்; கைத்தடி ஊன்றி நடந்தார். இரண்டு வண்டிகளுக்கும் பின்னால் ஆறு எப்போதோ விட்டுப்போன வளைவு, குட்டையாகத் தேங்கிச் சம்பங்கோரை மண்டிக் கிடந்தது.

வந்த அன்று மாலை பெர்னடீன் குழாயைத் திறந்ததை ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். பம்பு இரண்டு முறை விக்கி, ஒரு முறை விழுங்கி, அப்புறம்தான் தண்ணீரை விட்டது. அதற்குப் பிறகு மாலையில் கேட்டது, இருட்டு பிரியும்போது கேட்டது. உங்க்-கா-ளங்க். உங்க்-கா-ளங்க். தொண்டையில் தண்ணீர் சிக்கிய மாடு போல.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆர்டிஸ் போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தம்மா என்ன, யானையக் குளிப்பாட்டறாங்களா?"

"வயசானவங்க. தாகமா இருக்கும்," என்றார் ஓர்லின் கண்ணைத் திறக்காமல்.

"ஏழு மணி வரைக்கும் சத்தம் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு."

"கண்ணாடி போடாம போர்டு தெரியாதோ என்னவோ."

"நீ யாருக்குத்தான் வக்காலத்து வாங்க மாட்டே?"

"உனக்கு. உனக்கு வக்கீலே தேவையில்ல."

அன்று சரணாலயத்துக்குக் கிளம்பும்முன் ஆர்டிஸ் கைப்பையைத் துழாவி ஓர் இளஞ்சிவப்புத் தாளை எடுத்தாள். 'பதினைந்தாம் எண்ணில் இருப்பவருக்கு: காலை ஏழு மணிக்கு முன் பம்பைப் போடாதீர்கள். மற்றவர்களும் தூங்க வேண்டும்.' எழுதி மடித்து, ஓர்லின் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த டிரெய்லரின் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாள். பெயர் போடவில்லை. கையெழுத்துப் போடக் கூசுகிற கடிதத்தை அனுப்பாதீர்கள் என்று அவளே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொன்னதுண்டு. அது ஞாபகம் வந்தது. வந்ததை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலையே பெர்னடீன் ஒரு தட்டோடு வந்து நின்றார். மாவுக்கு மேல் பாலேடும் புளிப்பான ருபார்ப் தண்டும் போட்டுச் சுட்ட கூகன், இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"ஒண்டிக்கட்டைக்கு ஒரு முழுக் கூகன் எதுக்கு? பாதி நீங்க சாப்பிடுங்க," என்றார்.

ஓர்லின் மூன்று துண்டு சாப்பிட்டார். ஆர்டிஸ் ஒன்று சாப்பிட்டாள். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. சீட்டு வேலை செய்யும் என்று நினைத்தாள். இருட்டத் தொடங்கியதும் உங்க்-கா-ளங்க். புதன் விடியலில் மறுபடியும். புதன் மாலை, போதாக்குறைக்கு ஏழெட்டு முறை.

"வாசிச்சுட்டும் வேணும்னே பண்றாங்க," என்றாள் ஓர்லினிடம், எதை வாசித்துவிட்டு என்று சொல்லாமல். "இந்தப் பம்பு என் உயிர எடுத்துட்டுத்தான் விடும்."

வியாழக்கிழமை அவள் நாலரைக்கே எழுந்துவிட்டாள். பிளாஸ்க்கில் காபி, கழுத்தில் தொலைநோக்கி, பையில் நீல நோட்டு. கார் தயாராக நின்றது. ஓர்லினைக் காணோம்.

வெளியே வந்தாள். கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஆற்றின் மேல் பனி கிடந்தது. பதினைந்தாம் எண்ணில், பெர்னடீனின் டிரெய்லர்ப் பந்தலுக்குக் கீழே, அந்த ஓட்டை முழங்கால்களுக்கு ஒரு மெத்தையை வைத்து மண்டியிட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு ஓர்லின் ஏதோ செய்துகொண்டிருந்தார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அதில் திருகாணி, ரப்பர் வளையம், சின்ன மோட்டார் என்று வரிசையாகப் பரப்பியிருந்தார். பக்கத்தில் பெர்னடீன் கம்பளிச் சட்டையோடு நின்றார். காலடியில் அரை வாளித் தண்ணீர்.

ஒரே ஒரு விடியல். அதையும்.

"ஓர்லின்."

அவர் டார்ச்சை எடுத்தார். "வந்துட்டேன். ரெண்டே நிமிஷம்."

"நீ சொல்ற ரெண்டு நிமிஷத்துல கோழி முட்ட போட்டு, அடகாத்து, குஞ்சும் பொரிச்சிடும்."

"நீதானே இந்தப் பம்பு உன் உயிர எடுக்குதுன்னே. அதான் இதோட உயிர எடுத்துட்டேன்." மேஜையைக் காட்டினார்.

"என்னாலதாம்மா லேட்டு," என்றார் பெர்னடீன். "வாளியோட போயிட்டிருந்தேன், பாத்துட்டாரு. அப்புறம் விடவே மாட்டேன்னுட்டாரு."

"இந்த நேரத்துல எதுக்கு வாளி?"

"பம்பு சத்தம் போடுது, மத்தவங்க தூங்கணும்னு யாரோ சீட்டு வச்சிருந்தாங்க. நியாயம்தானே. காலையில மட்டும் போடாம இருக்கலாம்தான், ஆனா எந்நேரம் யாரு தூங்குவாங்களோ. அதனால செவ்வாய்க்கிழமையிலேர்ந்து பம்பு ஸ்விட்சத் தொடறதே இல்ல. பொதுக் குழாயிலேர்ந்து மொண்டுக்கறேன். அரை வாளிதான் தூக்க முடியுது. ரெண்டு நடை நடந்தா ஆச்சு."

ஆர்டிஸ் பொதுக் குழாய் இருந்த திசையைப் பார்த்தாள். கழிவறைகளுக்கு அப்பால், சரளைக்கல் பாதையின் கோடியில். அப்புறம் கைத்தடியைப் பார்த்தாள்.

"தொடறதே இல்லையா? நேத்து சாயங்காலம்கூட ஓடிச்சே. என் காதால கேட்டேன்."

"இல்லம்மா."

"ஏழெட்டு வாட்டி..."

உங்க்-கா-ளங்க்.

மூன்று பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பம்பு பதினாறு துண்டாகக் கிடந்தது. ஓர்லின் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, நீயா என்பது போல உற்றுப் பார்த்தார்.

உங்க்-கா-ளங்க். குட்டையிலிருந்து, கோரைக்குள்ளிருந்து வந்தது.

ஆர்டிஸின் பறவைப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. இந்தக் குருகின் குரல் பழைய பம்பு ஒன்று காற்றை விழுங்கித் தண்ணீர் இறைப்பதைப் போல இருக்கும் என்ற வரி. பதினொரு வருஷத்தில் அதை நூறு தடவையாவது வாசித்திருப்பாள். குருகு பம்பு மாதிரி கத்தும் என்று தெரிந்த அவளுக்கு, பம்பு மாதிரி கத்துவது குருகாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பறவை பன்னிரண்டு மைலுக்கு அப்பால் சரணாலயத்தில்தான் இருக்கும், எரிச்சல்தான் பக்கத்து வண்டியில் இருக்கும் என்று அவளே பங்கு பிரித்து வைத்திருந்தாள்.

அவள் கை தொலைநோக்கிக்குப் போனது. கால் குட்டைப் பக்கம் திரும்பியது. பதினைந்து அடி எடுத்து வைத்தால் கரை. வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் பறவை கோரைக்குள் புதைந்துவிடும், அப்புறம் இந்த ஜென்மத்தில் இல்லை.

அப்போதுதான் டிரெய்லர்க் கதவில் அந்த இளஞ்சிவப்புத் தாளைக் கண்டாள். மறந்துபோகாமல் இருக்கக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார் பெர்னடீன். அவள் கண் போன இடத்துக்கு ஓர்லினின் கண்ணும் போனது. நாற்பத்து மூன்று வருஷம் மளிகைச் சீட்டு வாங்கிப் பழகிய மனிதருக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு ஏற்கெனவே துடைத்த திருகாணியை மறுபடி துடைத்தார்.

அவர் ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு ஆமையைச் சொல்லியிருப்பாள், ஃபார்கோ சித்தப்பாவைச் சொல்லியிருப்பாள். அவரோ திருகாணியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பெர்னடீன் ஒன்றும் அறியாதவர் போல நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பறவையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். பிறகு சொல்லலாம் என்று வைத்தவற்றில் எத்தனை சொல்லப்பட்டிருக்கின்றன என்பது ஆர்டிஸுக்கும் தெரியும், அவளைப் படைத்தவருக்கும் தெரியும்.

அவள் தொலைநோக்கியிலிருந்து கையை எடுத்தாள்.

"பெர்னடீன், அந்தச் சீட்ட எழுதினது நான்தான்."

"தெரியும்மா," என்றார் பெர்னடீன்.

"என்ன?"

பெர்னடீன் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்புறம் அச்சில் இருந்தது: ஆராதனைக்குப் பின் காபி பரிமாறுவோர், மே மாதம். ஆர்டிஸ், மிர்ட்டில், லவோன்.

"உங்க வீட்டுக்காரரு பொழுது விடிஞ்சா ஆர்டிஸ், என் தொப்பி எங்க, ஆர்டிஸ், என் செருப்பு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இந்த முகாம்ல எத்தன ஆர்டிஸ் இருக்கப் போறாங்க?"

"தெரிஞ்சுமா அன்னிக்குக் கூகன் கொண்டுவந்தீங்க?"

"தூக்கம் கெட்டா யாருக்கும் கோவம் வரும். இனிப்புச் சாப்பிட்டா நல்லாத் தூக்கம் வரும்."

ஆர்டிஸுக்கு முகம் சுட்டது. "மன்னிச்சிடுங்க. உங்க பம்பு ஒரு தப்பும் பண்ணல. அது ஒரு பறவை. பதினோரு வருஷமா அதத்தான் தேடறேன். அது என் வீட்டுக் கொல்லையில நின்னு கூப்பிட்டிருக்கு, நான் உங்களத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்."

"பறவையா? எது, அந்த ஏப்பக்காரனா?" பெர்னடீனின் புருவம் உயர்ந்தது. "நெட்டக் கழுத்து, பழுப்பா, கஞ்சி குடிச்சவன் மாதிரி ஏப்பம் விடுவான். தினமும் பாத்திரம் கழுவறப்ப எதிர்லதானே நிக்கறான். உங்ககிட்ட சொல்லலாமான்னு நெனச்சேன். அவ்வளவு பெரிய கண்ணாடிய மாட்டிக்கிட்டு தினம் பன்னெண்டு மைல் போறவங்ககிட்ட இந்தப் பழுப்புப் பயலப் பத்தி என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன். வாங்க, வாங்க. தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க."

டிரெய்லருக்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கையகல ஜன்னல் ஒன்று. கீழே கரையில் நின்றால் கோரை சுவராக மறைத்திருக்கும். அந்த உயரத்திலிருந்து கோரைக்கு நடுவே இருந்த சின்னத் தண்ணீர்த் திட்டு தெரிந்தது. முதலில் ஆர்டிஸுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"வில்லோ மரத்துக்கு இந்தப் பக்கம். மூணாவது கோரை. அது கோரை இல்ல," என்றார் பெர்னடீன் அவள் தோளருகே.

அது கோரை இல்லைதான். அலகு வானத்தைப் பார்த்திருந்தது. கோடு போட்ட மார்பு காற்றோடு மெல்ல ஆடியது. அலகுக்குக் கீழிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் நேராக ஜன்னலைப் பார்த்தன. பிறகு, ஆபத்தில்லை என்று முடிவு செய்தது போல, கழுத்தை இறக்கியது. காற்றை விழுங்கியது, ஒரு முறை, இரண்டு முறை, தொண்டை புடைத்தது. உடம்பு முழுக்க ஒரு தூக்குத் தூக்கி, உங்க்-கா-ளங்க். குழாயில் தொங்கிக்கொண்டிருந்த சொட்டு விழுந்தது.

கழுத்தில் தொலைநோக்கி தொங்குவதே ஆர்டிஸுக்கு மறந்துபோனது. பதினொரு வருஷமாகக் கர்த்தரிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், இப்போது அவருக்கு நன்றி சொன்னாள். பெர்னடீனின் கை பக்கத்தில் இருந்தது. வாளிக் கைப்பிடி அழுத்திய சிவப்புக் கோடு அதில் தெரிந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு வழியாக ஓர்லின் எட்டிப் பார்த்தார். இருவர் தலைகளுக்கும் நடுவே ஜன்னலில் கண்ணை வைத்தார்.

"ஓ, இவனா?" என்றார். "எனக்கு மூணாவது தடவை."

"பேசாதே, ஓர்லின்."

"சரி."

ஆர்டிஸ் பையிலிருந்து நீல நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் சரணாலயத்தின் பெயரை எழுத அவள் பதினொரு வருஷமாகத் தயாராக இருந்தாள். பெர்னடீன் ஷாட்ஸ், பாத்திரத் தொட்டி ஜன்னல் என்று எழுதினாள்.

பம்பின் வால்வு ரப்பர் கிழிந்திருந்தது. டவுனில் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றார் ஓர்லின். போய் வாங்கி வந்து மாட்டிவிட்டு நண்பகலுக்குள் கிளம்பிவிடலாம், ரெண்டே நிமிஷ வேலை.

"அதுவரைக்கும் காபிக்கு என்ன பண்றது?" என்று பெர்னடீன் வாளியைப் பார்த்தார். "அரை வாளிதான் இருக்கு. மூணு பேருக்குக் காணாது."

"குடுங்க," என்றாள் ஆர்டிஸ்.

அரை வாளியைக் கெட்டிலிலும் பாத்திரத்திலும் ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு சரளைக்கல் பாதையில் நடந்தாள். நல்ல தூரம். காலையில் பனியில் அந்தக் கல் வழுக்கவும் செய்தது. பொதுக் குழாயில் வாளியை விளிம்புவரை நிரப்பினாள். திரும்பும்போது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. வயோமிங் ஜோடியின் டிரெய்லரைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது குட்டைப் பக்கமிருந்து மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஜன்னல் திரையை விலக்கித் தூக்கக் கண்ணோடு தலையை நீட்டினாள்.

"யாரோட பம்புங்க அது, இந்நேரத்துல?"

"சட்டையப் போட்டுக்கிட்டு வா, காட்டறேன்," என்றாள் ஆர்டிஸ். "பாத்து வா, கல்லு வழுக்குது."

தண்ணீர் சிந்தாமல் நடந்தாள்.